மாதிரி இருதயம்

இந்த அறையின் ஏர்கான் தொண்டைக்கு ஆகாது, டாக்டர். பல வருடமாகச் சொல்லி வருகிறேன், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஸ்கேன் மெஷினுக்குக் குளிர் வேண்டும் என்பார்கள். மெஷின் பாடப்போவதில்லை, நான் பாட வேண்டியவன். அதனால் எழுத உட்காருவதற்கு முன் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டேன். நீங்கள் எட்டிப் பார்த்தால் சிரிக்க வேண்டாம்.

உள்ளதை உள்ளபடி எழுதித் தரச் சொன்னீர்கள். தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதும். ஒண்டையும் விடாமல் எழுதும்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனீர்கள். நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. என் பெயர் ஒட்டிய காசெட்டில் இருப்பது யாருடைய இருதயம்? இரண்டு சொல்லில் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அப்படிச் சொன்னால் என்னைத் தப்பான ஆள் என்று நினைப்பீர்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இஞ்ஞாசி அண்ணனிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் பங்குக் கோயிலில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாமல் இருக்க அவர் விடவும் மாட்டார். தண்ணீர் மீட்டர் படிப்பது அவருக்கு வேலை. இன்றைக்கு எத்தனை மாடி ஏறினேன் என்பதைக் கேட்காதவர்களிடமும் சொல்லுவார். தலையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுகிற அளவுக்கு எண்ணெய்ப் பசை, சட்டைப் பையில் சீப்பு. பூசைக்குக் கால் மணி நேரம் முன்னால் வந்து தூணருகே நின்று, உதட்டை மூடிக்கொண்டு சுருதி பார்ப்பார். சுருதி அவருக்குத் தானாகவே சேரும். பார்ப்பது, எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று.

ஆனால் குரல் இருந்தது, டாக்டர். அதை நான் எங்கேயும் மறைத்துப் பேசியதில்லை. அவர் வாயைத் திறந்தால், வெளியே ஜாலான் புசார் சாலையில் லாரியைப் பின்னுக்கு எடுக்கிற சத்தம்கூடக் கொஞ்சம் தள்ளி நிற்பதுபோல் இருக்கும். எனக்கு அந்தக் குரல் மிகவும் பிடிக்கும். இதை நம்புங்கள்.

நீங்கள் முருகன் கோயிலுக்குப் போகிறவர், எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. பெரிய வெள்ளியன்று மூன்று மணிக்கு ஆண்டவருடைய பாடுகளை, அவர் பிடிபட்டதிலிருந்து சிலுவையில் இறந்தது வரையிலான கதையை, மூன்று பேர் நின்று பாடுவோம். ஒருவர் கதை சொல்பவர். ஒருவர் இயேசு. மூன்றாவது ஆள் மற்ற எல்லாரும். அதாவது பேதுரு, பிலாத்து, வாசல் காக்கிற பெண், சேவகர்கள், கூச்சல் போடுகிற ஜனங்கள், அத்தனை பேரும் ஒரே ஆள். வியாழன் மாலைக்கு மேல் ஆர்கன் வாசிக்கக் கூடாது. துணைக்கு ஒரு கருவியும் இல்லாமல் வெறும் குரலில் ஒரு மணி நேரம். இயேசுவின் குரல் எந்தச் சுருதியில் நிற்கிறதோ அதுதான் எல்லாருக்கும் சுருதி. கோயில் நிறைந்து, வெளியே சாலையோரம்வரை ஆட்கள் நிற்பார்கள். அறுபத்தேழாம் வருடத்திலிருந்து இஞ்ஞாசி அண்ணன் இயேசு. நான் மற்ற எல்லாரும்.

இதில் எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு. இயேசுவின் பாகம் ஒருவர் கைக்கு வந்துவிட்டால், கண்ணை மூடும்வரை அது அவருடையது. உடம்புக்கு முடியவில்லை என்றால் அந்த வருடம் மட்டும் மூன்றாவது ஆள் பாடலாம். குணமாகி வந்துவிட்டால் அடுத்த வருடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவர் போய்ச் சேர்ந்துவிட்டால் மூன்றாவது ஆளுக்கு நிரந்தரமாக வரும். நல்ல சட்டம்தான். சண்டை சச்சரவுக்கு இடமில்லை.

எழுபத்தொன்பதில் ஒரு தடவை, பெரிய வெள்ளிக்கு முந்தின குருத்து ஞாயிறன்று அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது. ஃபாதர் என்னைக் கூப்பிட்டுத் தயாராக இருக்கச் சொன்னார். நான் ஐந்து நாள் வெந்நீர் தவிர வேறொன்றும் குடிக்கவில்லை. சிராங்கூன் சாலையில் ஒரு தையல்காரரைப் பிடித்து வெள்ளை அங்கி தைத்துக்கொண்டேன். புக்கிட் மேராவில் எங்கள் வீட்டுச் சன்னலை அடைத்து வைத்துக்கொண்டு பாடிப் பழகினேன். மேல் வீட்டு ஆமினா பீவி படி இறங்கி வந்து, வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று விசாரித்தார். வெள்ளிக்கிழமை இரண்டே முக்காலுக்கு இஞ்ஞாசி அண்ணன் தலை சீவிக்கொண்டே உள்ளே வந்தார்.

"இஞ்சித் தண்ணி லா, தம்பி. குரல் திரும்பிடுச்சு. உனக்கு எதுக்குச் சிரமம்," என்றார். என் அங்கியைத் தடவிப் பார்த்து, "துணி நல்லாருக்கு. பிலாத்துக்குப் பொருத்தமா இருக்கும்," என்றார்.

நானும் சிரித்தேன். மனதில் எதுவும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். அந்த அங்கி இன்றைக்கும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

எண்பத்து நான்கில் அவருக்குத் தெம்பனிஸில் புது வீடு கிடைத்தது. ஊரின் மறுகோடி. இனி அந்தப் பக்கத்துப் பங்கிலேயே பாடுவார் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மனிதர் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. இரண்டு பஸ் மாறி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து வந்து, பக்கத்துத் தெருக்காரர்கள் வருவதற்கு முன்னால் தூணருகே நிற்பார்.

போன வருடம் தவக்காலத்துப் பாட்டுப் பயிற்சியில்தான் எனக்கு முதலில் தட்டுப்பட்டது. தோட்டத்தில் பிடிக்க வருகிறவர்களிடம் இயேசு பேசும் இடத்தில் ஒரு நீண்ட வரி வரும். பத்தொன்பது வருடமாக அதை அவர் ஒரே மூச்சில் பாடிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு நடுவில் ஒரு மூச்சு வாங்கினார். அடுத்த வாரம் இரண்டு. மற்றவர்களுக்குத் தெரியவில்லை. அவர் குரலை என்னைப்போல் காது கொடுத்துக் கேட்டவர்கள் வேறு யாரும் இல்லை.

"என்னண்ணே, மூச்சு முட்டுதா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல லா. லிஃப்ட் நிக்காத மாடியா பார்த்து எனக்குக் கொடுக்கிறானுங்க. ஏறினா நெஞ்சுல ஒரு பிடிப்பு. நின்னா போயிடுது," என்றார்.

நான்தான் அவரை ஸ்கேனுக்கு வரச் சொன்னேன். தயவுசெய்து இந்த வரியை அடிக்கோடிட்டுப் படியுங்கள். பாலிகிளினிக்கில் கடிதம் வாங்கச் செய்தவன் நான், இரண்டு மாதக் காத்திருப்பில் நிற்க விடாமல் நாள் வாங்கிக் கொடுத்தவன் நான். கெடுதல் நினைக்கிறவன் அதையெல்லாம் செய்வானா?

மார்ச் ஐந்தாம் தேதி, புதன்கிழமை வந்தார். கூடவே ஜோசபின் அண்ணி. அண்ணன் கோயிலுக்கு வருவதுபோல் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். அதைக் கழற்றச் சொன்னதில்தான் அவருக்கு மனக்குறை.

இதை ஆபீஸ் ஆட்களும் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இருதயத்துக்கு இரத்தம் கொண்டுவருகிற குழாய் மெல்லியது. எங்கள் மெஷின் நெஞ்சுக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வருகிற ஒலியைப் படமாக்குகிறது. அதில் குழாயின் அடைப்பை நேராகப் பார்ப்பது அரிது. அந்தக் குழாய் ஊட்டுகிற சுவர் எப்படி அசைகிறது என்பதைத்தான் பார்க்கிறோம். சும்மா படுத்திருக்கும்போது எல்லாச் சுவரும் ஒழுங்காகவே அசையும். டிரெட்மில்லில் ஓடவிட்டு, இறங்கியவுடன் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒன்றரை நிமிடத்துக்குள் படம் பிடித்துவிட வேண்டும். குழாய் சுருங்கியிருந்தால் இரத்தம் போதாமல் அந்தச் சுவர் பின்தங்கும். பாடகர் குழுவில் நடையைக் கூட்டினால் மூச்சில்லாதவர்கள் பின்தங்குவார்கள் இல்லையா, அதேதான். படம் முழுக்க வீடியோ காசெட்டில் பதிவாகும். டாக்டர் அம்பிகைபாகனாகிய நீங்கள் வியாழக்கிழமைகளில் அதைப் போட்டுப் பார்த்து அறிக்கை எழுதுவீர்கள். அப்போது திரையில் பெயர் தட்டும் பழக்கம் எங்களிடம் இல்லை. பெயர் இருந்தது காசெட்டின் முதுகில் ஒட்டுகிற சீட்டில் மட்டும்.

இஞ்ஞாசி அண்ணன் டிரெட்மில்லில் ஏறினார். ஆறு நிமிடத்தில் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் நின்ற இளம் டாக்டர் நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டார். "கால்தான் டாக்டர், புது சப்பாத்து," என்று சொன்னார் நம் ஆள். ஈசிஜி தாளும் அன்றைக்கு நடுங்கி நடுங்கி ஒன்றும் விளங்காமல் வந்தது. வார்டிலிருந்து அழைப்பு வரவே இளம் டாக்டர் போய்விட்டார். படுக்கவைத்து ஜெல் தடவிப் பிடித்தேன்.

முன்சுவர் நின்றுவிட்டது. அசைந்தது என்று சொல்ல முடியாத அளவுக்கு அசைவு. மற்றச் சுவர்களெல்லாம் உள்ளே வந்து போக, அது மட்டும் வெளியே நின்று வேடிக்கை பார்த்தது. எத்தனையோ இருதயம் பார்த்தவன் நான். இதற்கு உங்கள் கண் தேவையில்லை. பெரிய குழாயில், மேலேயே அடைப்பு.

"என்னா தம்பி, படம் எப்படி ஓடுது? ஹீரோ நான்தானே?" என்று சுவரைப் பார்த்துப் படுத்தபடியே கேட்டார்.

"நல்லா ஓடுதுண்ணே," என்றேன்.

இப்போது என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெரிய வெள்ளிக்கு இருபத்து மூன்று நாள். நான் வாயைத் திறந்தால் அன்றைக்கே வார்டில் போட்டிருப்பீர்கள். ஆஞ்சியோகிராம், அப்புறம் நெஞ்சைத் திறந்து பைபாஸ். பாடக் கூடாது, படி ஏறக் கூடாது. அந்த மனிதருக்கு வருடத்தில் ஒரே ஒரு நாள், டாக்டர். மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் அவர் மீட்டர் படிக்கிறவர். அந்த ஒரு நாளை அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று வாரம்தானே என்று நினைத்தேன். மூன்று வாரத்தில் ஒன்றும் ஆகிவிடாது. அவர் பாடி முடிக்கட்டும், ஈஸ்டர் முடிந்த திங்கள்கிழமை நானே உங்களிடம் வந்து சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

வழியும் கையோடு இருந்தது. தினமும் முதல் நோயாளிக்கு முன்னால் மெஷின் சரியாக இருக்கிறதா என்று என் நெஞ்சிலேயே வைத்துப் பார்ப்பது என் வழக்கம். அந்த மாதம் நீங்கள் இன்னொன்றும் சொல்லியிருந்தீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல இருதயம் வேண்டும், நீரே ஓடிப் பதிந்து வையும் என்று. அன்று காலைதான் ஓடிப் பதிந்திருந்தேன். இரண்டு காசெட்டும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டு ஒட்டுச்சீட்டுதான். என் இருதயத்தின்மேல் அவர் பெயரை ஒட்டினேன். அவர் இருதயத்தின்மேல் 'லாசரஸ், மாதிரி' என்று ஒட்டினேன். மறுநாள் நீங்கள் என் இருதயத்தைப் பார்த்து, இஞ்ஞாசிக்குக் குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். உங்கள் கையெழுத்து அழகானது. ஜோசபின் அண்ணி அந்தக் காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாத குறை.

அவருடைய காசெட்டை ஏன் அழிக்கவில்லை என்று கேட்பீர்கள். அழித்திருந்தால் இன்றைக்கு நாம் இரண்டு பேரும் நிம்மதியாக இருந்திருப்போம். ஆனால் ஈஸ்டருக்குப் பிறகு, சீட்டு மாறிப்போய்விட்டது டாக்டர், என் கவனக்குறைவு, என்று உங்களிடம் கொண்டுவந்து காட்ட அது வேண்டுமே. என் எண்ணம் சுத்தமாக இருந்ததற்கு அந்தக் காசெட்தான் சாட்சி.

இன்னொன்றையும் கவனியுங்கள். எனக்கு அந்தப் பாகத்தின்மேல் ஆசை என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். ஆசை இருந்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பார், நான் போன வருடமே இயேசுவாக நின்றிருப்பேன். நான் விட்டுக்கொடுத்தேன். ஒரு வருடம் மட்டும்தான் கிடைத்திருக்கும் என்பது வேறு விஷயம். பைபாஸ் செய்தால் பத்துப் பதினைந்து வருடம் நன்றாக நடமாடலாம் என்று நீங்கள் நோயாளிகளிடம் சொல்வதை நான் தினமும் கேட்கிறேன். அடுத்த வருடம் அவர் தலை சீவிக்கொண்டு வந்து நின்றிருப்பார். அதுவும் எனக்குத் தெரியாமல் இல்லை.

போன வருடம் பெரிய வெள்ளியன்று அவர் பாடியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். மூச்சு குறைந்ததால் குரலில் ஆர்ப்பாட்டம் போய்விட்டது. முதல் தடவையாக, யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா என்று பார்க்காமல் பாடினார். சிலுவையில் கடைசி வார்த்தையைச் சொல்லி முடித்தபோது கோயிலில் குழந்தைகூட அழவில்லை. நான் சேவகனாக நின்றுகொண்டு அழுதேன். அழுதது நிஜம்.

ஈஸ்டருக்கு அடுத்த திங்கள் பதினொரு நோயாளி. செவ்வாய் மெஷின் பழுது. அப்படியே அந்த வாரம் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை தூணருகே என் தோளைப் பிடித்து, "என்னா லாசரஸ், என் ஹார்ட் எப்படி இருக்கு?" என்று கேட்டார். அது அவருக்கு வேடிக்கை. எல்லாரும் கேட்கும்படி கேட்பார். பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டுமே.

"ஒண்ணும் இல்லண்ணே. அடுத்த வருஷமும் நீங்கதான்," என்றேன்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதற்கு அடுத்த ஞாயிறும் கேட்டார். நானும் அதையே சொன்னேன். நன்றாக இருக்கிற மனிதரிடம் போய் எப்படி எடுப்பது, சொல்லுங்கள். ஒவ்வொரு வாரமும், அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தது. ஜூனில் ஒரு நாள், "படி ஏறினா இன்னும் பிடிக்குது தம்பி," என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். மெஷினே நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டது, வாயுவாக இருக்கும், பூண்டு சாப்பிடுங்கள் என்றேன். சாப்பிட்டார். அந்த வாரங்களில் அவருக்குப் பக்கத்தில் நின்று பாடுவது கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் இருபதாம் தேதி, புதன்கிழமை, லிஃப்ட் நிற்காத ஒரு மாடியின் படிக்கட்டில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மீட்டர் எண்ணை எழுதி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார். வேலையில் ஒழுங்கான மனிதர்.

அடக்கப் பூசையில் நான்தான் பாடினேன். ஜோசபின் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அவ்வளவு நல்லாப் பார்த்துச் சொன்னீங்க தம்பி. மெஷினுக்கே தெரியாம ஆண்டவர் கூப்பிட்டுக்கிட்டா நாம என்ன செய்யறது," என்று அழுதார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லையே என்று எத்தனை வீடுகளில் ஆயுசுக்கும் குமைந்துகொண்டிருக்கிறார்கள். அந்த வேதனை அண்ணிக்கு இல்லை. ஒரு வகையில் அந்த ஆறுதலை நான் கொடுத்தேன் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அண்ணி அவருடைய பாடுகள் நோட்டை என்னிடம் கொடுத்தார். இனி உங்களுக்குத்தானே என்றார். பாட்டு வரிகளுக்கு மேலே பென்சிலில் மூச்சுக்குறிகள் போட்டிருந்தன. பழைய குறிகள் மங்கியிருந்தன. போன வருடம் புதிதாகப் போட்டவை பதினாறு. நான் எண்ணிப் பார்த்தேன். என்னிடம் ஒன்றுமில்லை லா என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்து எங்கெங்கே மூச்சு வாங்கலாம் என்று பார்த்திருக்கிறார். எனக்கு அத்தனை மூச்சு தேவையில்லை. ரப்பர் வைத்து அழித்துவிட்டேன்.

அப்புறம் நடந்ததில் பாதி உங்களுக்கே தெரியும். போன மாதம் முப்பத்தொன்றாம் தேதி புதிதாக வந்த எட்டுப் பேருக்கு நீங்கள் பாடம் எடுத்தீர்கள். அலமாரியில் ஒரு வருடமாக யாரும் தொடாமல் கிடந்த, 'மாதிரி' என்று எழுதியிருந்த காசெட்டை எடுத்துப் போட்டு, "இது எங்கட லாசரஸின்ர இருதயம். ஓடின பிறகும் சுவர் எல்லாம் எப்பிடி ஒண்டாய் வேலை செய்யுது பாருங்கோ," என்றீர்கள். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். திரும்ப ஓட்டிப் பார்த்தீர்கள். பாடத்தை அத்தோடு முடித்துவிட்டு என்னிடம் வந்து தோளில் கை வைத்தீர்கள். அவ்வளவு அன்பாக நீங்கள் என்னிடம் பேசியதே இல்லை. ஒரு வருடமாக இப்படியே நடமாடுகிறீரே, ஐசே, என்றீர்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சீட்டு மாறியிருக்கும், யாருடையதோ தெரியவில்லை என்று சொல்லித் தப்பியும் இருக்கலாம். யோசிக்க எனக்கு அவகாசம் தேவைப்பட்டது. ஈஸ்டர் முடியட்டும் டாக்டர், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். "இருதய விஷயத்தில ஒரு நாள்கூடத் தள்ள ஏலாது," என்று என்னைத் திட்டினீர்கள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. என் நல்லதுக்காக நர்ஸ் அற்புதமேரியிடம் சொல்லி வைத்தீர்கள். அற்புதமேரியும் எங்கள் பங்குக் கோயில்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு இருதய நோய் என்று கோயில் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஃபாதர் என்னைத் தனியே கூப்பிட்டு, "உடம்பைப் பாருங்க லாசரஸ். இந்த வருஷம் இயேசுதாசன் பாடட்டும்," என்றார். இயேசுதாசன் இப்போது மூன்றாவது ஆள். தெம்பனிஸில் பள்ளிக்கூட ஆசிரியன், முப்பது வயது. பெயர்ப் பொருத்தமே போதும் என்று அவன் அம்மா சொல்லிக்கொண்டு திரிகிறாள். குரல் நல்ல குரல்தான். கடைசி வரியில் கொஞ்சம் நடுக்கம்.

அந்த ராத்திரி நான் தூங்கவில்லை. இருபது வருடம், டாக்டர். இருபது வருடமாகப் பேதுருவாகவும் பிலாத்தாகவும் வாசல்காரியாகவும் நின்றவன். என் நெஞ்சில் ஒரு குறையும் இல்லாமல், இன்னொருவர் அடைப்புக்காக நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? ஃபாதரிடம் காட்ட எனக்கு ஒரு காகிதம் வேண்டும். அதை நீங்கள் மட்டும்தான் தர முடியும். மறுநாள் காலை நானே உங்களிடம் வந்து, ஆஞ்சியோகிராமுக்குச் சம்மதம் என்று சொன்னேன்.

போன வியாழக்கிழமை தொடை வழியாகக் குழாயை விட்டுப் பார்த்தீர்கள். "லாசரஸ், இருவது வயசுப் பெடியன்ர குழாய் ஐசே உமக்கு!" என்று முகமூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தீர்கள். எனக்கும் உச்சி குளிர்ந்தது. மாலையிலேயே சான்றிதழை வாங்கிக்கொண்டு போய் ஃபாதர் கையில் கொடுத்தேன். பாகம் திரும்பி வந்தது. இயேசுதாசன் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டான்.

என் குழாய் சுத்தமாக இருந்தால், என் சுவர் ஏன் நின்றது என்று நீங்கள் யோசிப்பீர்கள் என்பது எனக்கு அந்தச் சமயத்தில் தோன்றவே இல்லை. நேற்று அந்தக் காசெட்டையும், போன வருடத்து அறிக்கைகளையும் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றீர்கள். உங்கள் முகத்தில் சிரிப்பு இல்லை.

பதில் இதுதான். அது இஞ்ஞாசி அண்ணனுடைய இருதயம். சீட்டை மாற்றியது நான். தெரிந்தே மாற்றினேன். ஈஸ்டருக்குப் பிறகு இருபது ஞாயிற்றுக்கிழமை அவர் என்னைக் கேட்டார். இருபது தடவையும் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். யாரும் என்னை வற்புறுத்தி இதை எழுதச் சொல்லவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நீங்கள் இதை மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும், போலீசுக்குச் சொல்ல வேண்டும், ஃபாதருக்கும் ஜோசபின் அண்ணிக்கும் சொல்ல வேண்டும். சொல்லுங்கள். நான் ஓடிப்போகிற ஆள் இல்லை, வீடும் தெரியும். ஒரே ஒரு வேண்டுகோள்தான். சனிக்கிழமை சொல்லுங்கள். அங்கியை இஸ்திரிக்குப் போட்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நான் பாட வேண்டும். இன்றைக்குச் செவ்வாய். நாலு நாள்தானே, டாக்டர். நாலு நாளில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.